மகளின் சர்ச் பாடசாலையில் தினமும் வழிபாடு: விலக்கிக்கொள்ளலாமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு ஆறு வயது. வீட்டுக்கு அருகில் உள்ள இங்கிலாந்துத் திருச்சபையின் ஆரம்பப் பாடசாலையில் முதலாம் ஆண்டில் படிக்கிறாள். நாங்கள் சைவர்கள். நடந்து போகும் தூரம், நல்ல பெயருள்ள பாடசாலை என்பதால் சேர்த்தோம். பாடசாலையின் கிறிஸ்தவ நெறியை மதிப்போம் என்று கையொப்பமும் இட்டோம். அங்கே ஒவ்வொரு நாளும் மெழுகுவர்த்தி ஏற்றி, பாட்டுப் பாடி, ஜெபம் செய்கிறார்கள். இப்போது வீட்டில் சாப்பிடுமுன் கைகூப்பி "ஆமென்" சொல்கிறாள். பிள்ளையாரைக் கும்பிட்ட பிறகு நாம் ஏன் ஆமென் சொல்வதில்லை என்று கேட்கிறாள். அவளுடைய அப்பம்மா மனம் நொந்துபோயிருக்கிறார். வழிபாட்டிலிருந்து விலக்கும்படி கடிதம் கொடுத்துவிடுவோம் என்கிறார் கணவர். பிள்ளை தனியாக ஒதுக்கப்பட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயம். கையொப்பமிட்ட பிறகும் விலக்க முடியுமா? விலக்குவது சரியா?
ஒரு தாய், லண்டன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதற் கேள்விக்கு விடை எளிது: விலக்க முடியும். சேர்க்கைப் படிவத்தில் நீங்கள் இட்ட கையொப்பம் இந்த உரிமையைப் பறிக்காது. 1998 ஆம் ஆண்டின் பாடசாலைத் தரங்கள் மற்றும் கட்டமைப்புச் சட்டத்தின் 71 ஆவது பிரிவின்படி, அரச நிதியில் இயங்கும் பாடசாலையில் படிக்கும் பிள்ளையைச் சமய வழிபாட்டிலிருந்து முழுமையாகவோ பகுதியாகவோ விலக்கும்படி பெற்றோர் கேட்டால், அந்த வேண்டுகோளை அவர்களே மீளப்பெறும் வரை பாடசாலை அதற்கு இணங்க வேண்டும். காரணம் கூற வேண்டியதில்லை. அதிபர் காரணத்தைக் கேட்டாலும், சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்கள் விருப்பம். இதனால் பிள்ளையின் இடத்துக்கு எந்தப் பாதிப்பும் வராது. இது அண்மையில் புலம்பெயர்ந்தோருக்காக உருவான சலுகையும் அல்ல. 1870 ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டத்திலேயே பெற்றோரின் மனச்சாட்சியைக் காக்கும் விதி இருந்தது; அன்று அது பெரிதும் வேறு கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்த பெற்றோரை மனத்திற்கொண்டே எழுதப்பட்டது. ஆகவே கடிதம் கொடுக்கப் போகிறவர் ஏதோ அடாத காரியம் செய்கிறவரைப் போலக் கூச வேண்டியதில்லை.

சரியா என்ற இரண்டாவது கேள்விக்குத்தான் நிதானம் தேவை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்குக் கடிதம் கொடுக்காதீர்கள், முதலில் அந்த வழிபாட்டை நேரில் பாருங்கள். உங்கள் கடிதத்தில் உள்ளவை அனைத்தும் மகள் வீட்டுக்குக் கொண்டுவந்த செய்திகள். ஆறு வயதுப் பிள்ளை தனக்குப் பிடித்த பகுதியைச் சொல்லும், மற்றதை விட்டுவிடும். அதை மட்டும் வைத்து இவ்வளவு பெரிய முடிவை எடுப்பது நியாயமாகாது.

சட்டம் பாடசாலையிடம் என்ன கேட்கிறது என்பதை அறிந்துகொண்டால், எதைக் கேட்கலாம், எதைக் கேட்க இயலாது என்பது தெளிவாகும். இங்கிலாந்தில் அரச நிதி பெறும் பாடசாலைகளில் நாள்தோறும் கூட்டு வழிபாடு நடைபெற வேண்டும் என்பது 1944 முதல் சட்டமாக இருக்கிறது. அன்று நாளின் தொடக்கத்திலேயே, எல்லாரும் ஒன்றாகக் கூடி நடத்த வேண்டும் என்பது பொது விதி. 1988 இல் அது தளர்த்தப்பட்டதால், இப்போது நாளின் எந்த நேரத்திலும், முழுப் பாடசாலையாகவோ வயதுப் பிரிவுகளாகவோ நடத்தலாம். திருச்சபையைச் சேராத சாதாரண பாடசாலைகளுக்கு, வழிபாடு பெரும்பாலும் பொதுவான கிறிஸ்தவத் தன்மையுடையதாக இருக்க வேண்டும் என்பதே அளவுகோல். மாணவரின் சமயப் பின்னணியைக் கருதி உள்ளூர் ஆலோசனைக் குழுவிடம் விலக்குப் பெறவும் அவற்றுக்கு வழி உண்டு. உங்கள் மகளின் பாடசாலை அந்த வகையைச் சேர்ந்ததன்று. சமயத் தன்மையுடைய பாடசாலையின் வழிபாடு அதன் அறக்கட்டளைப் பத்திரத்தின்படி, அல்லது அந்தத் திருச்சபையின் நம்பிக்கைக்கும் வழக்கத்துக்கும் ஏற்ப நடைபெற வேண்டும். அதாவது, அங்கே இயேசுவின் பெயர் சொல்லப்படுவதும் வேதாகமம் வாசிக்கப்படுவதும் அவர்களது கடமை. "எல்லா மதத்தாரும் படிக்கிறார்களே, பொதுவான நல்லொழுக்கக் கதைகளாகச் சொல்லலாமே" என்று அதிபரிடம் வாதாடப் போகும் நம்மவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த வாதம் எடுபடாது. எடுபட வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. தெரிந்துகொண்டுதானே சேர்த்தோம்.

ஆனால் வழிபாடு கிறிஸ்தவ வழிபாடாக இருப்பது ஒன்று. உங்கள் பிள்ளை அதை விசுவாசிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது வேறு. இந்த வேறுபாட்டைத் திருச்சபையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பாடசாலை வழிபாடு எல்லாரையும் உள்ளடக்குவதாகவும், வற்புறுத்தாமல் அழைப்பதாகவும், மனத்தைத் தூண்டுவதாகவும் அமைய வேண்டும் என்று இங்கிலாந்துத் திருச்சபை தன் பாடசாலைகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. அந்தத் திருச்சபைக்கு ஏறத்தாழ 4,600 பாடசாலைகள் உண்டு; அவற்றில் சுமார் 10 இலட்சம் பிள்ளைகள் படிக்கிறார்கள். இந்த அமைப்புக்கு வித்திட்ட தேசியச் சங்கம் 1811 இல் தொடங்கப்பட்டபோது ஏழைப் பிள்ளைகளுக்குத் திருச்சபையின் கொள்கைப்படி கல்வி கொடுப்பதே நோக்கமாக இருந்தது. இன்று அதே திருச்சபையின் பல நகர்ப்புறப் பாடசாலைகளில் இந்து, முஸ்லிம், சீக்கியப் பிள்ளைகளும், எந்தச் சமயமும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள். "அழைப்பு" என்ற நிலைக்குத் திருச்சபை வந்து சேர்ந்ததற்கு அந்த மாற்றமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

நடைமுறையில் என்ன நடக்கிறது? பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடம் வரை நீடிக்கும். இவ்வளவு நேரம் என்று சட்டம் எதையும் விதிக்கவில்லை. பிள்ளைகள் இசை ஒலிக்க மண்டபத்துக்குள் வந்து அமர்வார்கள். மெழுகுவர்த்தி ஏற்றப்படும், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவத்தைக் குறிப்பதற்காகச் சில இடங்களில் மூன்று திரிகள் இருக்கும். தலைமை தாங்குபவர் ஒரு வாழ்த்தைச் சொல்ல, பிள்ளைகள் மறுமொழி கூறுவார்கள். பின்னர் வேதாகமத்திலிருந்து ஒரு கதை: நல்ல சமாரியன், காணாமற்போன ஆடு, கெட்ட குமாரன் போன்றவை அடிக்கடி வரும். சில பாடசாலைகளில் உள்ளூர்ச் சபைகளின் தன்னார்வலர்கள் வந்து அதை நடித்துக் காட்டுவதும் உண்டு. பாட்டும், சிறிது நேர அமைதியும், ஜெபமும் தொடரும். அன்று மனத்தில் வைத்திருக்க ஒரு கருத்தைச் சொல்லி அனுப்புவார்கள். வாரத்தில் ஒரு நாள் பங்குக் குருவானவர் வருவார். அறுவடைப் பண்டிகை, கிறிஸ்துமஸ், சாம்பல் புதன், உயிர்த்த ஞாயிறு போன்ற காலங்களில் பிள்ளைகளைத் தேவாலயத்துக்கு அழைத்துச் செல்வார்கள்.

இதில் நீங்கள் உற்றுக் கவனிக்க வேண்டியது ஜெபத்துக்கு முன் சொல்லப்படும் ஒரே ஒரு வாக்கியத்தை. பயிற்சி பெற்ற ஆசிரியர், "நான் இப்போது ஒரு ஜெபம் சொல்லப்போகிறேன், விரும்புகிறவர்கள் அதைத் தங்கள் ஜெபமாக ஏற்றுக் கடைசியில் ஆமென் சொல்லலாம், மற்றவர்கள் அமைதியாக இருந்து யோசிக்கலாம்" என்ற பொருள்பட ஏதாவது சொல்லித் தொடங்குவார். கவனமற்றவர், "எல்லாரும் கைகூப்புங்கள், கண்ணை மூடுங்கள்" என்று தொடங்குவார். பார்ப்பதற்குச் சின்ன விடயம்தான். உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அதற்குள் இருக்கிறது. முதலாவது வழக்கமாக இருந்தால், உங்கள் மகள் அங்கே மரியாதையுள்ள ஒரு விருந்தாளியாக அமர்ந்திருக்க இடமுண்டு. இரண்டாவது வழக்கமாக இருந்தால், திருச்சபையின் சொந்த அறிவுரையையே எடுத்துக்காட்டி அதிபரிடம் பேசலாம். விலக்கும் கடிதத்தை விட அந்தப் பேச்சு அதிகம் சாதிக்கக்கூடும், ஏனெனில் அது உங்கள் மகளுக்கு மட்டுமன்றி மண்டபத்தில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

எனவே அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, வழிபாட்டுக் கொள்கை ஆவணத்தின் பிரதியைக் கேளுங்கள். பல பாடசாலைகள் இணையத்திலேயே வைத்திருக்கின்றன. ஒரு வழிபாட்டில் பின்வரிசையில் அமர்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பல இடங்களில் வெள்ளிக்கிழமைப் பாராட்டு வழிபாட்டுக்குப் பெற்றோரை அழைப்பார்கள். ஆனால் அது சான்றிதழும் கைதட்டலுமாகப் போய்விடும் என்பதால், குருவானவர் வரும் நாளைக் கேட்பது நல்லது. திருச்சபைப் பாடசாலைகளின் வழிபாட்டை, பாடசாலைகளை ஆய்வு செய்யும் அரச அமைப்பான ஓஃப்ஸ்டெட் மதிப்பிடுவதில்லை. அதற்குத் தனியான ஆய்வு உண்டு, சயம்ஸ் என்று பெயர். அந்த அறிக்கை எவரும் படிக்கக்கூடியது. வேறு சமயப் பிள்ளைகளைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

இனி அந்த ஆமென். அதற்காக நான் கவலைப்படமாட்டேன். ஆறு வயதில் பிள்ளைகளுக்குச் சடங்கில் ஒரு ருசி உண்டு: விளக்கு, ஒரே குரலில் பதில் சொல்வது, முடிவில் ஒரு சொல். மகள் மதம் மாறவில்லை. இரண்டு இடங்களில் இரண்டு ஒழுங்குகள் இருப்பதைக் கண்டு, இங்கே ஏன் அது இல்லை என்று கேட்கிறாள். மிகவும் நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியது பாடசாலை அல்ல, வீடு. "அங்கே அவர்கள் ஜெபத்தை ஆமென் என்று முடிப்பார்கள், நாங்கள் தேவாரம் பாடத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் திருச்சிற்றம்பலம் சொல்வோம்" என்று அப்பம்மா சொல்லிக்கொடுத்தால், மாலையில் விளக்கேற்றும்போது அந்தச் சொல்லைச் சொல்லும் பொறுப்பையும் அவளுக்கே கொடுத்தால், பிள்ளை அதையும் அதே ஆசையோடு பிடித்துக்கொள்வாள். வீட்டில் பாடுவதற்கு எதுவும் இல்லாமல், பாடசாலையில் பாடுவதை மட்டும் தடுத்தால் மிஞ்சுவது வெறுமைதான். இது கொஞ்சம் கடுமையாகத் தோன்றலாம். உங்கள் வீட்டைப் பற்றி நான் எதுவும் அறியேன், பல வீடுகளில் கண்டதைச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்தச் சங்கடம் புதியதும் அல்ல. ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்தார், அங்கேயே கற்பித்தார், பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றார். அவருடைய சைவம் அதனால் மங்கவில்லை. ஆனால் அதே நாவலர்தான், மிஷன் பாடசாலைகளில் சைவப் பிள்ளைகளின் நிலை கண்டு, 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். உங்கள் கணவரின் அச்சத்தை நான் அற்பமாகக் கருதவில்லை என்பதற்காகவே இதன் இரண்டாம் பாதியையும் சொல்கிறேன். அன்றைய மிஷன் பாடசாலைகளின் வெளிப்படையான நோக்கங்களில் ஒன்று மதமாற்றம். இன்றைய இங்கிலாந்துத் திருச்சபைப் பாடசாலையின் நோக்கம் அதுவன்று. பாடசாலைக்குப் பாடசாலை வேறுபாடு உண்டு என்பதால்தான் நேரில் பாருங்கள் என்கிறேன்.

பார்த்த பிறகும் மனம் ஒப்பவில்லையென்றால், "பகுதியாக" என்று சட்டத்தில் உள்ள சொல்லைப் பயன்படுத்துங்கள். பலர் இதை அறியாமல், எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அன்றாட வழிபாட்டில் அமரலாம், தேவாலயத்தில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனைக்கு மட்டும் வரமாட்டாள் என்று கேட்கலாம். மண்டபத்தில் கூடும் நாட்களில் இருக்கலாம், வகுப்பில் ஜெபம் நடக்கும்போது அமைதியாக வேறு எதையாவது வாசிக்கலாம் என்றும் ஒழுங்கு செய்யலாம். உணவுக்கு முந்திய ஜெபத்தின்போது பேசாமல் நிற்கலாம் என்று ஆசிரியையோடு பேசிவைத்துக்கொள்ளலாம். ஆனால் சமயக் கல்விப் பாடத்திலிருந்து தயவுசெய்து விலக்காதீர்கள். அது வேறு, வழிபாடு வேறு. அந்தப் பாடத்தில் பிள்ளை கிறிஸ்தவத்தோடு இந்து சமயத்தையும் இஸ்லாத்தையும் யூத சமயத்தையும் பற்றிப் படிப்பாள். அவளுடைய தீபாவளியைப் பற்றி வகுப்பு முழுவதும் கேட்கும் வாய்ப்பு அங்கேதான் கிடைக்கும். உங்கள் பாடசாலை, உள்ளூராட்சி சபைக்குக் கூடுதல் பொறுப்புள்ள வாலண்டரி கண்ட்ரோல்டு வகையைச் சேர்ந்ததாயின் அந்தப் பாடம் உள்ளூராட்சிப் பகுதிக்குப் பொதுவான பாடத்திட்டப்படி நடக்கும். திருச்சபையின் பங்கு கூடுதலான வாலண்டரி எய்டட் ஆயின் அதைப் பாடசாலையின் நிர்வாகக் குழுவே தீர்மானிக்கும். எது என்று அலுவலகத்தில் கேட்டால் உடனே சொல்வார்கள்.

முழுமையாகவே விலக்குவது என்று முடிவானால், உங்கள் பயத்துக்கு இடமிருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். பாடசாலைக்குள்ள கடமை பிள்ளையைப் பாதுகாப்பாக, ஒரு பெரியவரின் மேற்பார்வையில் வைத்திருப்பது மட்டுமே; வேறு பாடம் நடத்த வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே சில பிள்ளைகள் அலுவலகத்துக்கு வெளியே ஒரு நாற்காலியில் நிறந்தீட்டிக்கொண்டு, வருவோர் போவோரெல்லாம் "என்ன குழப்படி செய்தாய்?" என்று கேட்கும் நிலையில் இருக்க நேர்கிறது. 2019 இல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில், சமயத் தன்மையற்ற ஒரு ஆரம்பப் பாடசாலையில் பிள்ளைகளை வழிபாட்டிலிருந்து விலக்கிய பெற்றோர் இந்தக் குறையையும் முன்வைத்து நீதிமன்றம் சென்றார்கள்; விசாரணைக்கு முன்பே, விலக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்விப் பயனில் குறையாத மாற்று ஏற்பாட்டைச் செய்து தருவதாகப் பாடசாலை நிர்வாகம் ஒப்புக்கொண்டது. தீர்ப்பு இல்லாததால் அது எல்லாப் பாடசாலைகளையும் கட்டுப்படுத்தாது. ஆயினும் எதைக் கேட்கலாம் என்பதற்கு நல்ல முன்மாதிரி. எங்கே இருப்பாள், யாரோடு இருப்பாள், என்ன செய்வாள் என்ற மூன்றையும் கடிதம் கொடுப்பதற்கு முன்னரே அதிபரோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் வழங்குவதும் பிறந்தநாள் வாழ்த்தும் அறிவிப்புகளும் பெரும்பாலும் அதே கூட்டத்தில் நடப்பதால், அந்தப் பகுதிக்கு அவளை அழைத்து வர வேண்டும் என்றும் கேளுங்கள். வேறு குடும்பங்களின் பிள்ளைகளும் விலக்கப்பட்டிருந்தால் ஒரு சிறு குழுவாக நூலகத்தில் இருக்கலாம். தனிமை பெருமளவு குறையும். உரிமை சட்டத்தில் இருந்தாலும், ஏற்பாட்டின் தரம் அதிபரின் மனத்தைப் பொறுத்தது. சண்டையாகத் தொடங்கினால் கிடைப்பது அந்த நாற்காலிதான்.

என்ன செய்தாலும் மகளைத் தூதுவராக்காதீர்கள். "ஜெபம் செய்யும்போது நீ வாயை மூடிக்கொண்டிரு" என்று காலையில் சொல்லி அனுப்புவது, பெரியவர்கள் பேசத் தயங்குவதை ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் வைப்பதாகும். எந்த ஒழுங்கானாலும் முதலில் ஆசிரியைக்குத் தெரிந்திருக்க வேண்டும், பிறகு மகளுக்கு. நீங்களும் கணவரும் ஒரே முடிவுக்கு வந்த பின்னரே கடிதம் போக வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறேன். ஒருவர் விலக்கும்படியும் மற்றவர் வேண்டாம் என்றும் எழுதினால், பாடசாலை நடுவில் நின்று தவிக்கும். பிள்ளைக்கும் அது தெரிந்துவிடும்.

எந்தக் கட்டத்தில் பொறுமை காக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுத் தெய்வங்கள் பொய் என்று யாராவது பிள்ளையிடம் சொன்னால், நம்பாதவர்களுக்குத் தண்டனை என்று பயமுறுத்தினால், ஆமென் சொல்லாததற்காகக் கடிந்துகொண்டால், அன்றே அதிபரைச் சந்தியுங்கள். அவருடைய பதில் திருப்தியளிக்காவிட்டால் நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் முறையிடுங்கள். இப்படி நடப்பது அரிது. நடந்தால் அது சர்ச் பாடசாலையின் உரிமைக்குள் அடங்கும் என்று யாரும் உங்களுக்குச் சமாதானம் சொல்ல முடியாது.

தீபாவளி போன்ற நாட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் சமயம் வழிபாட்டுக்கென்றே ஒதுக்கிய நாளில் பிள்ளை வராதிருப்பது அனுமதியில்லாத வரவின்மையாகக் கொள்ளப்படாது. வருகைப் பதிவேட்டில் அதற்கெனத் தனிக் குறியீடு உண்டு. சர்ச் பாடசாலையிலும் இதுவே விதி. முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் போதும். தனியார் கட்டணப் பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதை வாசித்தால், 71 ஆவது பிரிவின் உரிமை உங்களுக்குப் பொருந்தாது. அங்கே எல்லாம் ஒப்பந்தப்படிதான்.

அதிபருக்கு அனுப்பும் மின்னஞ்சலில் குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம். நாங்கள் சைவக் குடும்பம், மகள் பாடசாலையில் மகிழ்ச்சியாக இருக்கிறாள், வழிபாட்டில் வேறு சமயப் பிள்ளைகள் எவ்வாறு பங்கெடுக்கிறார்கள் என்பதை நேரில் பார்த்துப் பேச விரும்புகிறோம், எந்த நாள் வசதி என்று நான்கு வரிகளில் எழுதுங்கள். அன்று கணவரும் வரட்டும். அப்பம்மாவுக்கும் பார்க்க விருப்பமிருந்தால், அவரையும் அழைத்துவரலாமா என்று அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.